பட்டினமும் சுழலும்: புதுப் போனில் தமிழ் எழுத எது நல்லது?

புதுப் போன் வாங்கியதும் எல்லாரும் முதலில் கேட்டது கமரா எப்படி என்றுதான். உப்புவெளிக் கரையில் நின்று கடலுக்கு மேல் சூரியன் எழும்புவதை நாலு நாள் படம் எடுத்தேன். ஐந்தாம் நாள் நித்திரை வென்றுவிட்டது. எனக்குப் போனில் உள்ள பெரிய வேலை எழுதுவதுதான். எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர் நான். கூட்ட அறிவித்தல், சிரமதானத்துக்கு ஆள் கூப்பிடுவது, அலுவலகங்களுக்குக் கடிதம் எல்லாம் பெருவிரலால்தான் நடக்கிறது.

முதலில் நடந்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். தெருவிளக்கு எரியவில்லை என்று திருகோணமலை பட்டினமும் சூழலும் பிரதேச சபைக்கு ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறுமே, அந்த முறையில் விறுவிறென்று அடித்து, அச்செடுத்துக் கொடுத்தும் விட்டேன். வீட்டில் பிரதியை வாசித்த மாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தம்பி, பட்டினம் எந்தப் பக்கமாகச் சுழலுது?" என்றார். அவசரத்தில் ஓர் எழுத்தைக் குறைத்து அடித்திருக்கிறேன். போன் 'சுழலும்' என்று போட்டிருக்கிறது. நானும் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு அதே சபையின் பெயரை வைத்தே ஒவ்வொரு முறையையும் சோதித்துப் பார்த்தேன்.

ஆங்கில எழுத்து வழியில் ஒரு வசதியை மறுக்க முடியாது. கற்க எதுவும் இல்லை. வாங்கிய அன்றே எழுதலாம். ஆனால் அங்கே எழுதுவது பாதி நாம், பாதி போனின் ஊகம். நாம் அடித்ததற்குக் கிட்டிய சொற்களில் அதிகம் புழங்குவதைத்தான் அது முன்னால் வைக்கும். ல, ள, ழ மூன்றையும் நாம் ஒரே ஆங்கில எழுத்தால் அடித்துவிட்டு, சரியானதை அது எடுக்கும் என்று நம்புகிறோம். பெரும்பாலும் எடுக்கிறது, அதனால்தான் நம்பிக்கை கூடிப்போகிறது. மார்கழி மழைக்கு 'வெள்ளம் வருகிறது' என்று குழுவுக்கு அனுப்ப நினைத்து 'வெல்லம் வருகிறது' என்று போனால், பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கே என்று பதில் வரும். ஊர்ப் பெயர்கள் இன்னும் கஷ்டம். சாம்பல்தீவு, கப்பல்துறை என்று அடித்துவிட்டு, மேலே வரிசையாக வரும் சொற்களில் சரியானதைத் தேட வேண்டும். இந்த முறைதான் வேண்டும் என்பவர்கள் அந்த வரிசையைப் பார்க்காமல் இடைவெளியைத் தட்டக் கூடாது.

இதிலேயே ஊகம் இல்லாத ஒரு வகை உண்டு, அஞ்சல் என்பார்கள். பெரிய எல் போட்டால் ள, இசட் போட்டால் ழ, டபிள்யூ போட்டால் ந. நாம் அடித்ததே வரும். ஐபோனில் கூடவே இருக்கிறது. அண்ட்ரொய்டில் செல்லினம் செயலியைப் போட்டால் கிடைக்கும். ஆங்கில எழுத்தை விட மனமில்லாதவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

அப்புறம் தமிழ்99. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் பிறந்த விசைப்பலகை. உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம். இதற்குப் புள்ளி எங்கே வரும் என்று தெரியும். ட-வை இரண்டு தரம் தட்டினால் 'ட்ட' என்று ஆகும். ந தட்டி த தட்டினால் 'ந்த', ம தட்டி ப தட்டினால் 'ம்ப'. ஆகவே 'தம்பி' என்பது த, ம, ப, இ என்று நாலே தட்டு. 'சூழலும்' என்பது ச, ஊ, ழ, ல, உ, ம, புள்ளி என ஏழு. இதில் பட்டினம் சுழல வழியில்லை. ஊ தட்டினால் ஊ, உ தட்டினால் உ. ஒரு சின்னப் பொறி உண்டு. 'பாடட்டும்' என்று எழுதப் போனால் முதல் ட-வுக்கே புள்ளி விழுந்துவிடும். அங்கே நடுவில் ஓர் அ-வைத் தட்டிவிட்டு அடுத்த ட-வுக்குப் போக வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு பின்னேரம் முழுக்க அந்தச் சொல்லோடு மல்லுக்கட்டித்தான் கண்டுபிடித்தேன்.

குறையும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தின் 26 எழுத்துக்குப் பதில் 30-க்கு மேல் திரையில் நிற்பதால் கட்டங்கள் ஒடுக்கம். தடித்த விரல்காரர் திட்டுவார்கள். முதல் பத்து நாள் எனக்கும் எரிச்சல்தான். பிறகு விரல் தானாகப் போகத் தொடங்கியது. இப்போது நீளமாக எழுத இருந்தால் வேறெதையும் தொடுவதில்லை.

'எங்கள் நாட்டு நியமம் ரெங்கநாதன் பலகை அல்லவா?' என்று மாமா கேட்டார். சரிதான், இலங்கைத் தர நியமமான எஸ்.எல்.எஸ். 1326 அதைத்தான் சொல்கிறது. அவர் தட்டச்சு இயந்திரத்தில் பழகி, பிறகு கணினியில் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாறியவர். கொம்பை முதலில் அடித்து எழுத்தைப் பிறகு அடித்தே கை பழகியது. அந்தத் தட்டச்சு அடுக்கு பத்து விரலுக்கு ஆனது, இரண்டு பெருவிரலுக்கு அதில் லாபம் இல்லை. பாமினியில் அடித்ததைப் போனுக்கு அப்படியே அனுப்பவும் வேண்டாம். அது எழுத்துருவுக்குள் மட்டும் தமிழ், வெளியே வந்தால் ஆங்கில எழுத்துக் குப்பை. எல்லாக் கருவிக்கும் பொதுவான யுனிகோடுக்கு மாற்றித்தான் அனுப்ப வேண்டும்.

வேகத்தில் குரல்தான் முதலிடம். சபையின் முழுப் பெயரையும் ஒரு மூச்சில் சொன்னேன், பிழையில்லாமல் விழுந்தது. ஆனால் வானொலியில் செய்தி வாசிக்கிற மாதிரிச் சொன்னபோதுதான் விழுந்தது. 'நேற்று வந்தனான்' என்று நம் பேச்சில் சொன்னேன், 'நேற்று வந்த நான்' என்று பிரித்துப் போட்டது. கூகுளின் விசைப்பலகைச் செயலியான ஜிபோர்டின் மொழிப் பட்டியலில் தமிழுக்கு இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று தனித்தனியாக இருக்கிறது. புதுப் போனில் முதலில் எது நிற்கிறது என்று பார்த்து இலங்கைக்கு மாற்றுங்கள். மாற்றினாலும் 'வந்தனான்' எனக்கு ஒவ்வொரு தரமும் சரியாக வரவில்லை, முன்பைவிடப் பரவாயில்லை அவ்வளவுதான். உள்துறைமுகக் கரையில் காற்றுக்குள் நின்று சொன்னால் பாதி வராது. டேட்டாவும் வேண்டும். கிண்ணியா பஸ்ஸில் இருந்து சங்கக் கணக்கை உரத்துச் சொல்லவும் முடியாது. குறுஞ்செய்திக்குக் குரல் போதும். கடிதம் என்றால் சொல்லிவிட்டு, நிறுத்தக்குறிகளைக் கையால் போட வேண்டியிருக்கும்.

நாலாவதாக, திரையில் விரலால் எழுதுவது. நான் இதை விளையாட்டு என்று நினைத்து ஒதுக்கியிருந்தேன். ஜிபோர்டில் தமிழுக்குக் கையெழுத்துப் பலகையைச் சேர்த்து மாமாவிடம் கொடுத்தேன். முதலில் ஒரு 'ழ' போட்டார், வாலோடு. போன் அதே 'ழ'வைக் காட்டியது. ஆளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மெதுதான், ஒரு வரிக்கு நான் மூன்று வரி அடித்துவிடுவேன். ஆனால் எழுத்துப் பிழை வராது, ஏனென்றால் எழுதுகிறவருக்குப் பிழை வராது. கற்க வேண்டியது எதுவும் இல்லாத முறை ஒன்று உண்டென்றால் அது ஆங்கில எழுத்து அல்ல, இதுதான்.

எந்தப் பலகை ஆனாலும் இரண்டு விஷயத்தைச் செய்து வையுங்கள். ஜிபோர்டில் தனிப்பட்ட அகராதி என்று ஒன்று இருக்கிறது. அதில் நீண்ட பெயரைப் போட்டு ஒரு குறுக்கெழுத்துக் கொடுக்கலாம். நான் 'பசூ' என்று அடித்தால் சபையின் முழுப் பெயரும் மேலே வந்து நிற்கும். மற்றது, இடைவெளிக் கட்டையில் விரலை வைத்து இடமும் வலமும் இழுத்தால் எழுதும் குறி நகரும். சொல்லின் நடுவில் திருத்தத் திரையில் குத்திக் குத்திக் களைத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இப்போது எங்கள் வீட்டில் என் போனில் தமிழ்99-உம் குரலும். மகள் இன்னும் ஆங்கில எழுத்தில்தான், அவளோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை. மாமா விரலால் எழுதுகிறார். நேற்றுச் சந்தைக்குள் நிற்கும்போது அவரிடமிருந்து செய்தி வந்தது. 'தேங்காய் இரண்டு வாங்கி வரவும். கறிவேப்பிலையைத் தவறவிட வேண்டாம். இங்ஙனம்,' என்று தொடங்கிக் கீழே முழுப் பெயரும் திகதியும் போட்டிருந்தார்.