தையல் மேசைக்கு இஸ்திரிப் பலகை செய்யக் கொடுக்கிறீர்களா? என் 8,500 ரூபாய் போன கதை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பெங்களூரில், மரவேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு செயலி வழியாக, என் தையல் மேசை அளவுக்கு இஸ்திரிப் பலகை செய்யக் கொடுத்து 8,500 ரூபாயைத் தொலைத்திருக்கிறேன். பெயரைப் போட்டால் வேறு வம்பு வரும், வேண்டாம்.

அல்சூரில் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறேன். ஒவ்வொரு தையலையும் அப்போதே தேய்த்துப் படிய வைத்தால்தான் அடுத்தது நேராக விழும். கழுத்து விறைப்பாக நிற்க உள்ளே கேன்வாஸ் துணி ஒட்டவும் அடியில் கெட்டியான தளம் வேண்டும். ஆகவே தெளிவாகவே சொன்னேன்: தண்ணீர் தாங்கும் பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 710 தர முத்திரையுள்ள 18 மில்லிமீட்டர் பிளைவுட், மேலே கம்பளி, அதற்கு மேல் இழுத்து அடித்த காடாத் துணி, அதாவது வெளுக்காத பருத்தித் துணி. ஸ்பாஞ்சு கூடவே கூடாது.

அளவெடுக்க வந்தவர் தமிழர். "அக்கா, ஆரணியா நீங்கள்? எனக்கு வேலூர்தான்" என்றார். பையிலிருந்து ஒரு மாதிரித் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். வெட்டிய ஓரத்தில் பிளைவுட்டின் அடுக்குகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. "அழுத்திப் பாருங்கள் அக்கா" என்றார். கட்டைவிரலால் அழுத்தினேன், அசையவில்லை. "இதேதான் வரும். மரம் எடுக்கப் பணம் முழுவதும் வேண்டும்" என்றார். காபி கொடுத்து, 8,500 ரூபாயையும் அங்கேயே போனில் அனுப்பினேன். ஊர்ப் பெயரைச் சொல்லி ஏமாற்றுவதற்கு எப்படித்தான் மனம் வருகிறதோ!

வந்த பலகை பார்வைக்குக் குறையில்லை. நான்கு ஓரத்திலும் வழவழவென்று டேப் ஒட்டியிருந்தது. உள்ளே இருப்பதை மறைக்கத்தான் அந்த டேப் என்பது பிறகு தெரிந்தது. பருத்திக்கு வைக்கும் சூடு 200 டிகிரி செல்சியஸ் வரை போகும். அந்தச் சூட்டில் தேய்த்ததும் மேல்துணி சுருங்கி, பெட்டியின் அடியில் இழுபட்டது, பாலியஸ்டர்! கூடவே ஸ்பாஞ்சு பொசுங்கும் நாற்றம். நீராவி பட்ட மூலையில் டேப் பிளந்து, தண்ணீரில் விழுந்த ரஸ்க் போல மரத்தூள் உப்பி வெளியே வந்தது. பிளைவுட் இல்லை, தூளை அமுக்கிச் செய்த அட்டை. ஒரு வாடிக்கையாளரின் பட்டு ரவிக்கை அன்று என் கையில் இல்லாதது புண்ணியம்.

போன் செய்தால், "உங்கள் இஸ்திரிப் பெட்டியில் கோளாறு" என்றார். அடுத்து, "நீராவியை யார் போடச் சொன்னது?" இஸ்திரிப் பலகையில் நீராவி படாமல் வேறெங்கே படும்? பிறகு, "முதலாளி ஊரில் இல்லை." அதன்பின் போனையே எடுக்கவில்லை. அக்காவும் இல்லை, வேலூரும் இல்லை. செயலிக்காரர்களோ, பணம் நேரடியாகப் போனதால் தங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார்கள். கையோடு "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று ஒரு குறுஞ்செய்தி. எது தீர்ந்தது? என் 8,500 ரூபாய்தான் தீர்ந்தது.

எந்தத் துணி, எத்தனை அடுக்கு என்றெல்லாம் விரிவாகச் சொல்ல நினைத்தேன், இப்போது பொறுமையில்லை. ஓரத்தில் டேப் ஒட்டும் முன் பலகையைப் பாருங்கள். துணியை நீங்களே வாங்கிக் கொடுங்கள். சிக்பேட்டையில் காடா கிடைக்கும். முழுப் பணத்தையும் முன்னால் கேட்டால் கதவைக் காட்டுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். 8,500 ரூபாய் திரும்பி வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.