முயல் குட்டிப் பெட்டி: கடையில் விற்கும் பிளைவுட் மாடலை வாங்கலாமா?

புதுச்சேரி, கடலூர் பக்கத்து பெட் ஷாப்புகளில் ‘நெஸ்ட் பாக்ஸ்’, அதாவது முயல் குட்டி போடக் கூண்டுக்குள் வைக்கும் பெட்டி, என்று கேட்டால் பெரும்பாலும் பிளைவுட்டில் அடித்த பெட்டியைத்தான் எடுத்து வைப்பார்கள். ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம். நியூசிலாந்து ஒயிட், சோவியத் சின்சில்லா போன்ற நான்கு கிலோ முயலுக்கு இந்த அளவு சரி. பெரிசாக இருந்தால் நல்லதுதானே என்று அடுத்த சைசுக்குப் போகாதீர்கள். இடம் மிஞ்சினால் தாய் அதிலேயே படுத்து மூத்திரம் பெய்யும். குட்டிகளும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்காமல் சிதறிவிடும்.

வாங்கும்போது முதலில் வாசல் படியை அளந்து பாருங்கள். 6 அங்குலம் இருக்க வேண்டும். பால் குடித்து முடிவதற்குள் தாய் வெளியே தாவும்போது, காம்பை விடாத குட்டி கூடவே தொங்கிக்கொண்டு வரும். படி உயரமாக இருந்தால் அதில் தட்டி உள்ளேயே விழும். தாழ்வான படி என்றால் கூண்டின் கம்பி வலையில் விழுந்து காலையில் விறைத்துக் கிடக்கும். பூனை மாதிரி குட்டியைக் கவ்வி உள்ளே கொண்டுபோகும் பழக்கம் முயலுக்குக் கிடையாது. ‘தாய் வெளியே போட்டுடுச்சு’ என்று முயலைத் திட்டுவதற்கு முன் பெட்டியைப் பாருங்கள்.

இந்த மாடலின் பெரிய குறை அடிப்பலகை. ஓட்டையே இல்லை. மூத்திரம் தேங்கி, கடற்கரை ஈரக்காற்றில் பிளைவுட் உப்பி, இரண்டு ஈற்றுக்குள் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். பத்து ஓட்டையாவது துளையிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டேப்ளர் பின், ஆணி முனைகளை விரலால் தடவிப் பார்த்துத் தட்டிவிடுங்கள். பிறந்த குட்டியின் தோல் அத்தனை மெல்லியது. மூடி கழற்றுகிற மாதிரி இருக்கிறதா என்பதும் முக்கியம். அக்னி நட்சத்திரத்தில் மூடிய பெட்டி அடுப்பாகிவிடும். மார்கழிப் பனிக்கு அதே மூடி தேவைப்படும்.

கூடவே விற்கும் தேங்காய் நார் கட்டு வேண்டவே வேண்டாம். நீள நார் குட்டியின் காலிலும் கழுத்திலும் சுற்றி இறுக்கும். தச்சுப் பட்டறையில் கிடைக்கும் இழைப்புச் சுருளை இரண்டு அங்குலம் பரப்பி, மேலே காய்ந்த புல்லோ மென்மையான வைக்கோலோ போட்டால் போதும். மரத்தூள் மூக்கில் ஏறும், ஆகாது. இனச்சேர்க்கை முடிந்த 28ஆம் நாள் பெட்டியைக் கூண்டுக்குள் வையுங்கள். 30, 32 நாளில் குட்டி போடும்.

ஒரு முயலின் குட்டியை இன்னொரு முயலிடம் விட்டு, தாய் மாற்றி வளர்க்க வேண்டிய நேரத்தில்தான் இந்தப் பெட்டியின் அருமை தெரியும். மூடியைத் திறந்தால் எல்லாக் குட்டியும் கண்ணில் படும். பால் குடித்த குட்டிக்கு வயிறு பலூன் மாதிரி உருண்டு, தோலுக்கு அடியில் வெள்ளையாகப் பால் தெரியும். குடிக்காதது சுருங்கிய தோலோடு நெளியும். முயல் நாளுக்கு ஒருமுறை, மூன்று நான்கு நிமிடம்தான் பால் கொடுக்கும் என்பதால் பகலில் பெட்டிப் பக்கம் போகாததைக் கண்டு பயப்பட வேண்டாம். வயிற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இரண்டு மூன்று முயல்களை ஒரே நாளில் இனச்சேர்க்கைக்கு விட்டிருந்தால் ஒன்று குட்டியை ஒதுக்கினாலும் இன்னொன்று கைகொடுக்கும். வயது வித்தியாசம் மூன்று நாளுக்குள் இருக்கட்டும். ஒரு தாய்க்கு எட்டுக் குட்டி, அதற்கு மேல் வேண்டாம். குளிர்ந்த குட்டியை அப்படியே கொண்டுபோய்ப் போடாதீர்கள். துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலோடு வைத்து உடம்பு சூடானபின், தாய் வெளியே இருக்கும்போது மற்ற குட்டிகளுக்கு நடுவே செருகி, அந்தத் தாய் பெட்டியில் பிடுங்கிப் போட்ட முடியாலேயே மூடிவிடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்ற பேச்சு வளர்ப்பு முயலுக்குப் பொருந்தாது. கையை மட்டும் கழுவிக்கொள்ளுங்கள். பாட்டில் பால் கடைசி வழிதான். முயல் பாலில் இருக்கும் அளவு கொழுப்பும் புரதமும் பசும்பாலில் கிடையாது. அவசரமாகப் புகட்டினால் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும்.

முழு ஈற்றும் போய்விட்டால் மனசு கனக்கும். முதல் ஈற்றில் இது நடக்கக்கூடியதுதான், அதற்காக முயலை உடனே விற்காதீர்கள். இறந்தவற்றை உடனே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் எறும்பு வரிசை கட்டும். கூண்டுக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. தாய் பிடுங்கிப் போட்ட சுத்தமான முடியைத் துணிப்பையில் எடுத்து வையுங்கள், முடி பிடுங்காத அடுத்த முயலுக்கு உதவும். அடர்தீவனத்தைக் குறைத்து, தண்ணீரைக் குறைக்காமல், தினமும் காம்பைத் தொட்டுப் பாருங்கள். கல் மாதிரி இறுகிச் சூடாக இருந்தால் மடிநோய். புதுச்சேரி குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, தாமதிக்காமல் கொண்டுபோங்கள்.

ஓட்டை போட, ஆணி முனை தட்ட நேரமிருப்பவர்கள் கடைப் பெட்டியை வாங்கலாம். இல்லையென்றால் இதே அளவைத் தச்சரிடம் கொடுத்து, பழைய மரப்பலகையில், அடிப்பக்கத்துக்கு மட்டும் கம்பி வலை வைத்து அடித்துக்கொள்ளுங்கள். கழுவி வெயிலில் காயவைத்தால் பல ஈற்றுக்கு வரும்.