கொல்லிமலை ஆகாய கங்கை அருவிக்கு மழையில் போக: கியர் பைக்கா, ஸ்கூட்டரா?

காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கும் கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஐப்பசி மழையிலும் இரண்டு வண்டியும் ஏறிவிடும். 110 சிசி ஸ்கூட்டரில் இருவர் என்றால் கொஞ்சம் முக்கும், அவ்வளவுதான். சோதனை இறக்கத்தில்தான்.

பைக்கை இரண்டாவது கியரில் விட்டால் இன்ஜினே வேகத்தைப் பிடித்து வைக்கும். பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டால் போதும். கிளட்சைப் பிடித்தபடி உருட்டினால் அந்தப் பலன் போச்சு. ஸ்கூட்டரிலோ, ஆக்சிலரேட்டரை விட்டு வேகம் குறைந்ததும் கிளட்ச் தானே கழன்றுகொள்ளும். பிறகு மொத்தப் பாரமும் பிரேக் மேல். பிரேக் டிரம் சூடேறினால் லீவரை எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது. பதினைந்து வளைவுக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஆறவிடுங்கள். சூட்டோடு தண்ணீர் ஊற்றாதீர்கள்.

வளைவுகளில் மழை இழுத்து வந்த ஜல்லியும் மண்ணும் கிடக்கும். பைக்கின் 17 அங்குலச் சக்கரம் தாண்டிப் போகும் பள்ளத்தில் ஸ்கூட்டரின் 10 அங்குலச் சக்கரம் இறங்கிவிடும்.

ஸ்கூட்டருக்கு வாய்த்தது சீட்டுக்கடி இடம்: மாற்றுத்துணி நனையாது. பைக்கில் தொளதொள மழைக்கோட்டு வேண்டாம், நுனி செயினில் சிக்கும். திரும்பியதும் செயினைத் துடைத்து எண்ணெய் விடவும் வேண்டும். இருந்தாலும் மழைக்கு என் ஓட்டு பைக்குக்கே.

எந்த வண்டியும் அறப்பளீசுவரர் கோயில் வரைதான். அதன்பின் அருவிக்கு இறங்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், மழையில் பாசி வழுக்கும். வெள்ளம் வந்தால் அனுமதி கிடையாது. மலையேறும் முன்பே விசாரித்துவிடுங்கள்.