ஆல் வீல் டிரைவ் காருக்குக் கட்டுப்படியாகும் மழை டயர்: கோவை சமவெளியும் வால்பாறை ரோடும்

முதலில் ஒன்று. மூன்று சிகரமும் பனித்துகளும் போட்ட முத்திரையோடு வரும் குளிர்கால டயர் நமக்கு வேண்டியதில்லை. அந்த ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இளகி நிற்பதற்காகச் செய்தது. கோவையின் சித்திரை வெயிலில் அதை ஓட்டினால் பட்டன் (ரோட்டில் படும் ரப்பர் கட்டிகள்) நெளியும், பிரேக் தூரம் நீளும், சீக்கிரமே தேய்ந்துபோகும். ஊட்டியில் தை மாத விடியலில் உறைபனி விழுவது வாஸ்தவம்தான், அதற்காக டயர் மாற்ற வேண்டியதில்லை. இங்கே டயரைச் சோதிப்பது தென்மேற்குப் பருவமழை.

ஆல் வீல் டிரைவ் காரில் ஒரு சிக்கல் உண்டு. நாலு சக்கரமும் தள்ளுவதால் ஈர ரோட்டில் ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் வழுக்காது. முன்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியாக இருந்தால் டயர் சுழன்று எச்சரித்திருக்கும். இதில் அந்த எச்சரிக்கை கிடையாது. பிரேக் போடும்போதும் வளைவில் திரும்பும்போதும் டயரின் பிடி மட்டுமே கணக்கு.

செலவு கூடுவதும் இந்த அமைப்பால்தான். "பின்னாடி ரெண்டு மட்டும் மாத்திக்கலாமுங்க" என்று கடையில் சொல்வார்கள். சாதாரண காருக்குச் சரி. இங்கே பட்டன் ஆழத்தில் 3 மி.மீ. வித்தியாசம் வந்தால் விட்டம் 6 மி.மீ. மாறும், சுற்றளவு கிட்டத்தட்ட 19 மி.மீ. மாறும். சுமார் 2,070 மி.மீ. சுற்றளவில் இது 0.9 சதவீதம். முன், பின் அச்சுகள் வேறு வேறு வேகத்தில் சுற்றுவதால் நடுவில் இருக்கும் கிளட்ச் ஓயாமல் உரசும், ஆயில் சூடாகும். பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக நகர்த்தும்போது வண்டி விட்டுவிட்டு உதறினால் முதல் சந்தேகம் இதன்மேல் விழட்டும். அந்தக் கிளட்ச் வேலைக்கு ஆகும் பணத்தில் டயர் செட்டே வாங்கிவிடலாம்.

முன், பின் அளவு வேறாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. டயர் அளவில் முதல் எண் மி.மீ. கணக்கில் அகலம், அடுத்தது அகலத்தில் இத்தனை சதவீதம் பக்க உயரம், கடைசி எண் அங்குலத்தில் ரிம். முன்னால் 225/45 ஆர்18, பின்னால் 255/40 ஆர்18 போட்டால் சுற்றளவு முறையே 2,072, 2,077 மி.மீ. பொருத்தம். 255 கிடைக்கவில்லை என்று பின்னால் 245/45 போட்டால் 2,129 ஆகிவிடும், சுமார் 2.7 சதவீத வித்தியாசம். கடைக்காரர் "ஒண்ணும் ஆகாது" என்றாலும் போடக்கூடாது.

மிச்சம் பிடிக்கும் இடம் வேறு. நம்முடைய முடிவு: விலை உயர்ந்த டயர் இரண்டு வாங்குவதைவிட, நடுத்தர விலையில் ஒரே கம்பெனி, ஒரே மாடல், புதுத் தேதியில் நாலும் வாங்குவது மேல். சைடுவாலில் (டயரின் பக்கவாட்டில்) நட்சத்திரம், ஏஓ, எம்ஓ போன்ற கார் கம்பெனி முத்திரை இல்லாத டயரும் போதும். ஆனால் அளவு, சுமைக் குறியீடு, வேகக் குறியீடு மூன்றும் கார் புத்தகத்தில் சொன்னதற்குக் கீழே போகக்கூடாது. வி என்றால் 240, டபிள்யூ 270, ஒய் 300 கி.மீ. வேகம்.

2020 ஜூனில் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்ததிலிருந்து பெரிய அளவு டயர்கள் நினைத்தபோது கிடைப்பதில்லை, பழைய சரக்கும் தேங்கிக் கிடக்கிறது. சைடுவாலில் DOT என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள்: 0824 என்றால் 2024-ன் 8-வது வாரம். நாலு டயரிலும் பார்க்க வேண்டும், சில சமயம் அந்த எண் உள்பக்கம் இருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது, பில்லில் அதையும் பாருங்கள்.

ரன்-ஃபிளாட்டை (காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர்) விட்டுச் சாதா டயருக்கு மாறினால் விலையும் குறையும், மேடு பள்ளத்தில் குலுக்கலும் குறையும். ஆனால் ரன்-ஃபிளாட்டோடு வந்த கார்களில் பெரும்பாலும் ஸ்டெப்னி கிடையாது. ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே பஞ்சரானால் கையில் பஞ்சர் கிட்டும் 12 வோல்ட் கம்ப்ரஸரும் இருந்தாக வேண்டும்.

சட்டப்படி 1.6 மி.மீ. பட்டன் போதும். மழைக்கு அது போதவே போதாது, 3 மி.மீ. வந்தால் மாற்றிவிடலாம். காற்றும் முக்கியம். டயர் தண்ணீர்மேல் மிதக்கத் தொடங்கும் வேகத்துக்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு. விமான டயரை வைத்துப் போட்டது, தோராயம்தான். அதன்படி 32 பிஎஸ்ஐ காற்றில் 94 கி.மீ., 24-ல் 82 கி.மீ. சேலம்-கோவை நெடுஞ்சாலையில் தண்ணீர் தேங்கிய இடத்தில் எல்லோரும் போகும் வேகம் இதற்கு மேலேதான். ஊட்டி போய்ச் சேர்ந்ததும் காற்றைக் குறைக்க வேண்டாம். உயரத்தால் ஏறும் அழுத்தத்தில் பாதிக்கு மேல் குளிரால் இறங்கிவிடும்.

மலை ரோட்டில் முன் டயரின் வெளி ஓரம் முதலில் தேயும். பட்டன்மேல் உள்ளங்கையைக் குறுக்கே தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் ரம்பம் மாதிரியும் இருந்தால் அலைன்மென்ட் விலகியிருக்கிறது. அப்படித் தேய்ந்த டயர் 60 கி.மீ. வேகத்தில் "வூங்" என்று இரையும். பேரிங் போய்விட்டது என்று அதைக் கழற்றி மாற்றுகிறவர்கள் நிறைய. நாலு டயரும் ஒரே அளவாக இருந்தால் 8,000 கி.மீ.க்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றிப் போடுங்கள். அளவு வேறானால் அது முடியாது.

புது டயரில் முதல் 200, 300 கி.மீ. வரை டயரை வார்க்கும் அச்சில் தடவிய பூச்சின் வழவழப்பு இருக்கும். மாட்டியவுடன் மழையில் வால்பாறையோ திம்பமோ ஏறாமல் சமவெளியில் ஓட்டிவிடுங்கள். வீல் போல்ட்டை ஏர் கன்னோடு விடாமல் டார்க் ரெஞ்சில் புத்தகத்து அளவுக்கு முறுக்கச் சொல்லுங்கள். 50 கி.மீ. ஓடியதும் ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும்.