திருகோணமலையில சின்னம்மாவோட கிளினிக் போன அனுபவம்: நாடி, தைரொயிட், வார்ஃபரின்

இந்தமுறை ஆடி லீவுக்கு திருகோணமலை போய் வந்ததில கோணேசர் கோயில், நிலாவெளி கடல் எண்டு எழுத நிறைய இருக்கு, ஆனா ஊருக்குப் போற எங்கட ஆக்களுக்கு உதவக்கூடியது எண்டா சின்னம்மாவோட ஆஸ்பத்திரிக்கு போய் வந்த விஷயம்தான், அதால அதையே முழுசா எழுதுறன். அம்மா அப்பா, மாமா மாமி ஆரையாவது அங்க விட்டிட்டு கனடா லண்டன் எண்டு இருக்கிற ஆக்கள் பொறுமையா வாசியுங்கோ.

சின்னம்மாக்கு 68 வயசு. பிரஷரும் சுகரும் கனகாலமா இருக்கு. வீடியோ கோலில பார்க்கேக்க கொஞ்சம் மெலிஞ்சமாதிரித்தான் தெரிஞ்சது, நேர பார்த்தா சட்டை தொளதொள எண்டு தொங்குது, தேத்தண்ணிக் கோப்பையை பிடிக்க கை நடுங்குது, ஃபேனுக்கு கீழ இருந்தும் வேர்க்குது, ராவில நித்திரை இல்லை. "நெஞ்சுக்குள்ள கோழி செட்டை அடிக்கிறமாதிரி கிடக்கு பிள்ளை" எண்டு சொன்னவ. வீட்டில எல்லாரும் ஒரே கதை, சித்தப்பா போனதுக்குப் பிறகு யோசனையில மெலிஞ்சு போனா, சரியா சாப்பிடுறேல்லை எண்டு. நான் பக்கத்தில இருந்து பார்த்தனான், அவ நல்லா சாப்பிடுறா, முந்தியைவிட கூடத்தான் சாப்பிடுறா. சாப்பிட்டும் ஒராள் மெலியிறா எண்டா அதை யோசனையில போட்டு மூடேலாது.

இதுக்குள்ள ரெண்டு மாசத்துக்கு முதல் ஒரு தனியார் இடத்தில காசு கட்டி ‘ஃபுல் பொடி செக்கப்’ எண்டு செய்திருக்கினம். பளபளப்பான ஃபைல், பக்கம் பக்கமா ரிப்போட். கொலஸ்ட்ரோல் நல்லா இறங்கியிருக்கு எண்டு எல்லாருக்கும் சந்தோஷம். அந்த ஃபைலை நான் முழுக்க பிரட்டிப் பார்த்தன், அதில தைரொயிட் டெஸ்ட் இல்லை, ஈசிஜி இல்லை, நாடி பிடிச்சுப் பார்த்த ஒரு குறிப்பும் இல்லை. கொலஸ்ட்ரோல் ஏன் இறங்கினது எண்டு பிறகுதான் விளங்கினது, தைரொயிட் சுரப்பி கூட வேலை செய்தா கொலஸ்ட்ரோல் தானா இறங்குமாம். நல்ல செய்தி எண்டு நினைச்சதே வருத்தத்தின்ர அடையாளம். இது எனக்கு உண்மையிலயே கோவம் வந்த இடம், ஏனெண்டா அந்த காசுக்கு ஒராள் அவவின்ர மணிக்கட்டை ஒரு நிமிஷம் பிடிச்சிருந்தா அண்டைக்கே பிடிபட்டிருக்கும்.

சொந்தக்காரர் எல்லாரும் கொழும்புக்கு கொண்டு போ, பெரிய ஹார்ட் டொக்டரை சனல் பண்ணு (காசு கட்டி நேரம் எடு) எண்டுதான் சொன்னவை. தம்பிதான் (சின்னம்மாவின்ர மகன்) சொன்னவன், அக்கா முதல்ல அம்மாவின்ர கிளினிக் கொப்பி (ஒவ்வொரு முறையும் நிறை, பிரஷர், மருந்து எழுதுற கொப்பி) இருக்கிற இடத்துக்கு போவம், அவையிட்டத்தான் பழைய கணக்கெல்லாம் இருக்கு எண்டு. அவன் சொன்னது சரி. டவுனுக்கு வெளியால ஒரு சின்ன அரசாங்க ஆஸ்பத்திரி, ஓட்டோவில போனனாங்கள், ஏழு மணிக்கே வாங்கில் எல்லாம் நிறைஞ்சு போச்சு, அரைவாசிப்பேர் வீட்டில இருந்து ரொட்டி கட்டிக்கொண்டு வந்திருக்கினம். காத்திருக்கத்தான் வேணும், அதுக்கு மனசை ஆயத்தப்படுத்திக்கொண்டு போங்கோ, வயசுபோன ஆக்களுக்கு தண்ணியும் பிஸ்கட்டும் கொண்டு போங்கோ.

உள்ளுக்க ஒரு இளம் டொக்டர். கொப்பியை பின்னுக்கிருந்து முன்னுக்கு பிரட்டினவ, நிறை எழுதியிருக்கிற இடத்தில பேனையை வைச்சுக்கொண்டு "அம்மா, தை மாசத்துக்கு பிறகு ஏழு கிலோ குறைஞ்சிருக்கு, உங்களுக்கு தெரியுமா" எண்டு கேட்டவ. பிறகு மணிக்கட்டை பிடிச்சுக்கொண்டு சுவர் மணிக்கூட்டை பார்த்துக்கொண்டே இருந்தவ. முழு ஒரு நிமிஷம். நாடி வேகமா அடிக்குது, ஒழுங்கும் இல்லை. பிரஷரை மெஷினில பார்க்காம கையால பம்ப் பண்ணி காதில வைச்சு திரும்பவும் ஒருக்கா பார்த்தவ, நாடி ஒழுங்கில்லாட்டி ஓட்டோமேட்டிக் மெஷின் சரியா காட்டாது எண்டு சொன்னவ. அதுக்கு பிறகு செய்ததைத்தான் நான் மறக்கமாட்டன், ரெண்டு கையையும் முன்னுக்கு நீட்டச் சொல்லிட்டு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து விரலுக்கு மேல வைச்சவ. தாள் ஓரம் படபட எண்டு துடிச்சது. எனக்கும் தம்பிக்கும் ஒண்டும் சொல்லாமலே விளங்கினது.

அந்த ஆஸ்பத்திரியிலயே ஈசிஜி எடுத்தவை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். அதாவது இதயத்தின்ர மேல் அறைகள் ஒழுங்கா சுருங்காம துடிச்சுக்கொண்டே இருக்கும், அங்க ரத்தம் தேங்கி உறைஞ்சு, அந்தக் கட்டி மூளைக்கு போனா பாரிசவாதம். டொக்டர் சொன்ன விளக்கம் இதுதான்: இதயம் ஒழுங்கில்லாம அடிக்குது எண்டா இதயத்தை மட்டும் பார்த்து நிக்கக்கூடாது, கழுத்தில இருக்கிற தைரொயிட்டையும் பார்க்கவேணும், வயசுபோன ஆக்களில தைரொயிட் கூடினா கண் பிதுங்குறது, கழுத்து வீங்குறது ஒண்டும் இல்லாம வெறும் நெஞ்சுப் படபடப்பும் மெலிவுமா மட்டும் வரலாம். அதாலதான் வீட்டில பிடிபடுறேல்லை.

டிஎஸ்எச் (தைரொயிட் கூடவோ குறையவோ வேலை செய்யுது எண்டு காட்டுற ரத்த டெஸ்ட், தைரொயிட் கூடினா இது இறங்கும்) எடுக்க எழுதுறதுக்கு முதல் வேற என்ன குளிசை எடுக்கிறீங்கள் எண்டு கேட்டவ. சின்னம்மா ஒண்டும் இல்லை எண்டு சொன்னவ. டொக்டர் விடேல்லை, வெளிநாட்டில இருந்து பிள்ளையள் ஆராவது அனுப்பினதோ எண்டு திரும்ப கேட்டவ. அப்பத்தான் வெளிய வந்தது, சுவிஸில இருக்கிற மருமகள் அனுப்பின தலைமயிர் விட்டமின் ஒவ்வொரு நாளும் சாப்பிடுறாவாம். அதில பயோட்டின் இருக்கு. பயோட்டின் கூட எடுத்தா சில லேப்பில தைரொயிட் டெஸ்ட் பிழையா காட்டும், டிஎஸ்எச் குறைஞ்சமாதிரியும் டி4 (தைரொயிட் சுரக்கிற ஹோர்மோன்) கூடினமாதிரியும், அதாவது இல்லாத வருத்தத்தை இருக்கிறமாதிரி காட்டும். ரெண்டு நாள் அதை நிப்பாட்டிட்டுத்தான் ரத்தம் குடுக்கச் சொன்னவ. நாங்கள் சூட்கேஸ் சூட்கேஸா விட்டமின் கொண்டு போறம், இதை ஆர் எங்களுக்கு சொன்னது?

டிஎஸ்எச்சும் ஃப்ரீ டி4ம் டவுனில வெளி லேப்பில காசுக்கு செய்தனாங்கள், ரிப்போட் வட்ஸ்அப்பில வந்தது. டிஎஸ்எச் அளக்கேலாத அளவுக்கு கீழ, டி4 நல்லா மேல. அதோட ஒரு கடிதம் எழுதி திருகோணமலை பொது வைத்தியசாலை மெடிக்கல் கிளினிக்குக்கு அனுப்பினவ. அந்தக் கடிதமும் ஈசிஜி துண்டும் கையில இருந்ததால அங்க எல்லாத்தையும் முதல்ல இருந்து தொடங்க வேண்டி வரேல்லை.

மருந்து மூண்டு. கார்பிமசோல், அது தைரொயிட்டை அடக்க. ப்ரொப்ரனலோல், அது நாடி வேகத்தையும் நடுக்கத்தையும் குறைக்க, அதை தர முதல் முட்டு வருத்தம், இழுப்பு இருக்கோ எண்டு ரெண்டு பேர் கேட்டவை, ஏனெண்டா ஆஸ்துமா இருக்கிற ஆளுக்கு அது ஆபத்து. மூண்டாவது வார்ஃபரின், ரத்தம் உறையாம இருக்க, சின்னம்மாக்கு வயசு, பிரஷர், சுகர் மூண்டும் இருக்கிறதால கட்டாயம் வேணும் எண்டு சொன்னவை.

கார்பிமசோல் பற்றி ஒண்டை பெரிய எழுத்தில எழுதி ஃபிரிட்ஜில ஒட்டிட்டுத்தான் வந்தனான். காய்ச்சலோ, தொண்டை நோவோ, வாய்ப்புண்ணோ வந்தா பனடோல் போட்டிட்டு படுக்கக்கூடாது, கார்பிமசோலை நிப்பாட்டிட்டு அண்டைக்கே போய் ரத்தத்தில வெள்ளணுவை பார்க்கவேணும். அரிதாத்தான் வரும், ஆனா சில ஆக்களுக்கு வெள்ளணு திடீரெண்டு விழுந்துபோம், அது உயிருக்கே ஆபத்து.

வார்ஃபரின் வேற மாதிரி. ஐஎன்ஆர் எண்டு ஒரு ரத்த டெஸ்ட், அது 2க்கும் 3க்கும் இடையில நிக்கவேணும், தொடக்கத்தில அடிக்கடி போகவேணும். தைரொயிட் கூட நிக்கேக்க வார்ஃபரின் கூட வேலை செய்யும், கார்பிமசோலால தைரொயிட் இறங்க இறங்க அதே அளவு காணாம வரும், அதால அளவு மாறிக்கொண்டே இருக்கும், பயப்படக்கூடாது. சின்னம்மா கேட்ட முதல் கேள்வி வல்லாரைச் சம்பலும் முருங்கையிலையும் சாப்பிடலாமோ எண்டு. மிஸ்ஸி (நேர்ஸ்) நல்லா சொன்னவ, விடவேண்டாம் அம்மா, ஆனா ஒரு கிழமை சட்டி நிறைய, அடுத்த கிழமை ஒண்டும் இல்லை எண்டு செய்யாதேங்கோ, ஒவ்வொரு கிழமையும் ஒரே அளவா சாப்பிடுங்கோ எண்டு. அதோட முழங்கால் நோவுக்கு எண்டு நாங்கள் இஞ்சயிருந்து கொண்டு போற அட்வில், அங்க பார்மசியில வாங்குற டைக்ளோஃபினக் ரெண்டும் வார்ஃபரினோட சேர்ந்தா வயித்துக்குள்ள ரத்தம் போற ஆபத்து கூடும். அலுமாரியில இருந்த அட்வில் போத்தலை நானே தூக்கி எறிஞ்சன்.

இடையில தம்பியையும் பிடிச்சு இருத்திட்டினம். அதே ஆஸ்பத்திரியில ‘ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர்’ எண்டு ஒரு அறை இருக்கு, 35 வயசு தாண்டின ஆக்களுக்கு பிரஷர், சுகர், கொலஸ்ட்ரோல், நிறை, இடுப்புச் சுற்றளவு எல்லாம் காசில்லாம பார்க்கினம், நாடு முழுக்க இருக்கு. அவனுக்கு 44, ஒரு வருத்தமும் இல்லை எண்டு திரியிறவன், பிரஷர் 152க்கு 98. நிறம் நிறமா பெட்டி போட்ட ஒரு சார்ட்டில வயசையும் பிரஷரையும் சிகரெட்டையும் வைச்சு விரலால இழுத்து, அடுத்த 10 வருஷத்துக்குள்ள மாரடைப்பு, பாரிசவாதம் வர எவ்வளவு இடம் இருக்கு எண்டு காட்டினவை. பிறகு அதே சார்ட்டில சிகரெட் இல்லாத பக்கத்துக்கு விரலை மாத்தி வைச்சவை, நிறம் மாறிப்போச்சு. அண்டைக்கு பின்னேரம் அவன் கடைப்பக்கம் போகேல்லை. இனி என்னெண்டு பார்ப்பம்.

பக்கத்து வீட்டு மாமிக்கு எதிர்ப்பக்க பிரச்சினை, தைரொயிட் குறைவு. தைரொக்சின் (தைரொயிட் குறைவுக்கு குடுக்கிற ஹோர்மோன் குளிசை) கூட்டிக் கூட்டி குடுத்தும் டிஎஸ்எச் இறங்கேல்லையாம். காலமை பால் தேத்தண்ணியோட, மகன் அனுப்பின கல்சியம் குளிசையோட சேர்த்து விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறா. தைரொக்சின் வெறும் வயித்தில தண்ணியோட எடுத்து அரை மணித்தியாலமாவது பொறுக்கவேணும், கல்சியம், இரும்புக் குளிசைக்கு நாலு மணித்தியாலம் இடைவெளி வேணும். நேரத்தை மாத்தினா பிறகு ஆறு எட்டு கிழமையால டிஎஸ்எச் திரும்ப பார்க்கவேணும், ஏனெண்டா பழைய அளவுக்கு போட்ட டோஸ் இப்ப கூடிப்போனா அவவுக்கும் சின்னம்மாவின்ர அதே படபடப்பு வரும். கொலஸ்ட்ரோல் கூட எண்டு குளிசை தொடங்க முதலும் தைரொயிட்டை ஒருக்கா பாருங்கோ, தைரொயிட் குறைஞ்சாலே கொலஸ்ட்ரோல் ஏறும்.

கொழும்புக்கு கொண்டு போகாதேங்கோ எண்டு நான் சொல்லேல்லை, தேவை வந்தா போகத்தான் வேணும். ஆனா முதல் கதவு பக்கத்து ஆஸ்பத்திரியும் அந்த கிளினிக் கொப்பியும்தான். போகேக்க வீட்டில இருக்கிற எல்லா குளிசையையும், விட்டமின், ஆயுர்வேத மருந்து உட்பட, ஒரு பையில போட்டு கொண்டு போங்கோ. கொப்பியின்ர ஒவ்வொரு பக்கத்தையும் ஃபோட்டோ எடுத்து வைச்சிருங்கோ. முகம் கோணினா, கை கால் இழுத்தா, கதை குழறினா ஓட்டோ தேடாம 1990 அடிக்கச் சொல்லுங்கோ, சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாம வரும்.

போன கிழமை தம்பி புதுப் பக்கத்தை அனுப்பினவன். நிறை ரெண்டு கிலோ ஏறியிருக்கு, டி4 சாதாரண அளவுக்கு வந்திட்டுது, கார்பிமசோலை குறைச்சிருக்கினம். நாடி இன்னும் ஒழுங்கில்லை, தைரொயிட் அடங்கின பிறகு கன பேருக்கு அது சில மாசத்துக்குள்ள தானா சரி வரும் எண்டதால பொறுத்து பார்க்கினம், அதுவரைக்கும் வார்ஃபரின் நிப்பாட்டேலாது. அடுத்த ஐஎன்ஆர் வாற செவ்வாய்.