இலத்திரனியல் ஸ்ராட்டர் துப்பாக்கி: இரண்டு விளையாட்டுப் பருவம் பாவித்த அனுபவம்

போன வருட இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு எங்கள் பாடசாலை வாங்கிய, ஓட்டத்தைத் தொடக்கிவைக்கும் மலிவு விலை இலத்திரனியல் ஸ்ராட்டர் துப்பாக்கி இப்போது இரண்டாவது பருவத்தையும் தாண்டிவிட்டது. தை தொடங்கிப் பங்குனி வரை பயிற்சி, இல்லப் போட்டி, கோட்டமட்டம் என்று பெரும்பாலும் என் கையில்தான் இருந்தது. யாழ்ப்பாணத்தில் வேறு பாடசாலை ஆசிரியர்களும் வாங்கலாமோ என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இவ்வளவு விபரமாக எழுதுகிறேன்.

செம்மஞ்சள் நிறப் பிளாஸ்ரிக் கைத்துப்பாக்கி. விசையை இழுத்தால் நுனியில் எல்ஈடி வெளிச்சம் பளிச்சிடும். அதே கணம் வயரால் இணைத்த ஸ்பீக்கர் பெட்டியில் வெடிச்சத்தம் கேட்கும். பிடியிலேயே மைக் இருப்பதால் "ஒன் யுவர் மார்க்ஸ்", "செற்" என்பதும் அதே பெட்டியால்தான் போகும். சீனத் தயாரிப்பு, பெரிய பெயர் ஒன்றும் இல்லை. நடுத்தர விலைப் போன் ஒன்று வாங்கும் காசுக்குள் முடிந்தது.

முன்பு கப் (சிறிய வெடிமருந்துக் குப்பி) வெடிக்கும் துப்பாக்கி வைத்திருந்தோம். மாரி ஈரத்தில் கப் நமுத்துவிடும். பிள்ளைகள் "செற்" நிலையில் இடுப்பை உயர்த்திக் காத்திருக்க, விசை "டிக்" என்று மட்டும் சொல்லும். எல்லாரையும் எழுப்பி, திரும்ப இருத்தி, திரும்பத் தொடங்க வேண்டும். அந்தத் தொல்லை முழுதாகத் தீர்ந்தது.

ஆனால் இதை வாங்கச் சொல்வதற்கு என்னிடம் உள்ள முதல் காரணம் சத்தம் அல்ல, வெளிச்சம். எங்கள் வெயிலில் சத்தம் செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர்தான் போகும். 100 மீற்றர் முடிவுக்கோட்டில் நிற்கும் நேரக்கணிப்பாளருக்குச் சத்தம் போய்ச்சேர 0.29 செக்கன் அளவில் பிடிக்கும். சத்தத்தைக் கேட்டு மணிக்கூட்டைத் தொடக்கினால் 13.0 ஓடும் பிள்ளை 12.7 என்று பதிவாகும். வீட்டிலும் வகுப்பிலும் எல்லாரும் கொண்டாடுவார்கள். வலயமட்டத்தில் சரியாக நேரம் எடுக்கும்போது அதே பிள்ளை 13.0. தான் பின்னுக்குப் போய்விட்டேன் என்று அழுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை குறையவில்லை, எங்கள் மணிக்கூடுதான் பிழை சொன்னது. புகையையோ வெளிச்சத்தையோ பார்த்துத்தான் மணிக்கூட்டைத் தொடக்க வேண்டும் என்பது பழைய விதி. கப் துப்பாக்கியின் மெல்லிய புகை வாடைக் காற்றில் தெரியாது. இதன் வெளிச்சம் தெரிகிறது.

தெரிகிறது என்றாலும் ஒரு நிபந்தனை உண்டு. பின்னேரம் மூன்று மணி வெயில் முகத்துக்கு நேரே அடித்தால் எல்ஈடி மங்கிவிடும். முதல் பருவத்திலேயே முடிவுக்கோட்டில் இருந்து ஆள் வந்தது: "சேர், லைற் தெரியேல்லை. கொஞ்சம் உயர்த்திப் பிடியுங்கோ." உயர்த்தியும் பெரிய மாற்றம் இல்லை. பிறகு ஒரு முழ அகலக் கறுத்த மட்டையை நுனிக்குப் பின்னால் வரும்படி தடியில் கட்டி ஒரு மாணவனைப் பிடிக்கவிட்டோம். கறுப்புப் பின்னணியில் வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தது. அன்று தொடக்கம் மட்டை இல்லாமல் மைதானத்துக்குப் போவதில்லை.

ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். முழு அளவு ஓடுபாதையில் 400 மீற்றர் ஓட்டத்துக்கு 8ஆம் லேன் பிள்ளை 1ஆம் லேனை விட 53 மீற்றர் முன்னே தொடங்கும். ஓட்டத்தைத் தொடக்குபவர் பெட்டியோடு உள்பக்கம் நின்று வெடித்தால் வெளிலேனுக்குச் சத்தம் பத்தில் ஒரு செக்கனுக்கு மேல் பிந்தித்தான் கேட்கும். உலக மெய்வல்லுநர் விதியில் 0.100 செக்கனுக்குள் புறப்பட்டாலே தவறான தொடக்கம் என்கிறார்கள். அப்படியானால் அந்தப் பிந்தல் எவ்வளவு பெரிய அநியாயம்! கூடவந்த வயர் குட்டை. நீண்ட வயர் வாங்கிப் பெட்டியை நடு லேன்களுக்குப் பின்னால் வைத்த பிறகுதான் வெளிலேன் பிள்ளைகள் மற்றவர்களோடு சேர்ந்து எழும்பத் தொடங்கினார்கள்.

வயர் வேண்டாம், புளூரூத் ஸ்பீக்கரோடு இணைப்போம் என்று ஒரு நண்பர் சொன்னார். போனில் செக்கனுக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷனில் பதிந்து பார்த்தோம். வயரில் வெளிச்சமும் சத்தமும் பிரித்தறிய முடியாதபடி ஒன்றாக வந்தன. புளூரூத்தில் வெளிச்சம் மின்னி அணைந்து, அதற்குப் பிறகுதான் சத்தம். பாட்டுக் கேட்க அது போதும், ஓட்டத்துக்கு ஆகாது.

பெரிய பழுது இரண்டாம் பருவத்தில் வந்தது. விசைக்குள் இருக்கும் மைக்ரோ சுவிட்சில் செம்மண் தூசி ஏறி, ஒருமுறை இழுத்தால் இரண்டு வெடி கேட்கத் தொடங்கியது. இரண்டாவது வெடி என்றால் நில், திரும்பி வா என்று பிள்ளைகளுக்கு நாங்களே பழக்கியிருக்கிறோம். 14 வயதுப் பெண்கள் ஓட்டத்தில் இரண்டு பேர் கேட்டு நின்றுவிட்டார்கள், மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். ஓட்டத்தை மறுபடி நடத்தினோம். நின்றவர்கள்தான் விதியை மதித்தவர்கள் என்பதை மைக்கில் சொல்லவும் செய்தோம். ரவுணில் றேடியோ திருத்துபவர் ஒருவர் சுவிட்சை மாற்றித் தந்தார், செலவு சொற்பம். இப்போது பாவித்து முடிந்ததும் துணியால் துடைத்துப் பொலித்தீன் பையில் போட்டு வைக்கிறோம்.

பெட்டிக்குள் இருப்பது ஈய அமிலப் பற்றரி. சித்திரைக்குப் பிறகு அலுமாரியில் வைத்து அடுத்த தையில் எடுத்தால் செத்திருக்கும். மாதம் ஒருதரம் சார்ஜ் போட வேண்டும்.

சத்தத்தை மாற்றலாம்: வெடி, பீப், விசில். இல்லப் போட்டியில் சின்ன வகுப்பு ஓட்டங்களுக்குப் பீப்தான் வைக்கிறேன். கொட்டகையில் இருக்கும் அம்மம்மாமார் சிலர் வெடிச்சத்தத்துக்கு உடம்பு நடுங்கிக் காதைப் பொத்துவதைக் கண்ட பிறகு எடுத்த முடிவு இது. எங்கள் ஊரில் அதற்குக் காரணம் கேட்கத் தேவையில்லை. மாகாணமட்டம் போகிற பெரிய பிள்ளைகளுக்குப் பயிற்சியில் வெடியே வைக்கிறேன். அங்கே கேட்கப்போவது அதுதான், காது பழக வேண்டும்.

காது கேட்பது குறைந்த பிள்ளை ஒருவர் எங்களிடம் ஓடுகிறார். பெட்டியில் இன்னொரு விளக்கு பொருத்த ஒரு துளை இருந்தது. சிறிய விளக்கை நீள வயரில் இழுத்து அவருடைய லேனில், கைகளுக்கு முன்னால் நிலத்தில் வைக்கிறோம். முன்பு பக்கத்து லேன் பிள்ளை அசைவதைப் பார்த்துத்தான் புறப்படுவார். இப்போது எல்லாரோடும் சேர்ந்து எழும்புகிறார்.

வாங்கப் போகிறவர்கள் கடையில் மூன்று விஷயம் கேளுங்கள்: வயர் எத்தனை மீற்றர், வெளிவிளக்குக்குத் துளை உண்டா, விசைச் சுவிட்ச் தனியே கிடைக்குமா. காசு கட்ட முன் வெயிலுக்கு எடுத்துவந்து, 100 மீற்றர் தள்ளி ஒருவரை நிறுத்தி, வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.