பசங்க கதையில் ஒரு கிழவர்: எங்கே உட்கார வைப்பது?

எங்கள் கதை 1986 மே மாதம் ஏற்காட்டில், சேர்வராயன் கோயில் திருவிழாவில் தொடங்குகிறது. கோயிலே ஒரு குகைதான். உள்ளே சேர்வராயனோடு காவேரியம்மனும் இருக்கிறாள். குகை அப்படியே போய்க் காவிரியில் முடிகிறது என்று ஊரில் சொல்வார்கள். கூட்டத்தில் பலூன்காரர் மகன் காணாமல் போகிறான். தேடிப் போவது எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேர். எல்லாருக்கும் பன்னிரண்டு, பதிமூன்று வயது.

இது ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ரோல்-பிளேயிங் விளையாட்டு. ஆடுவது சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு மொட்டை மாடியில், ஞாயிறு மாலைகளில். மூன்றாவது வாரம் நண்பனின் சித்தப்பா வந்து உட்கார்ந்தார். வயது ஐம்பத்தெட்டு. "நானும் டவுசர் போட்ட பையனா ஆடணுமா? ரிட்டயரான கணக்குப்பிள்ளையா வர்றேனே" என்றார். கதையை நடத்தும் கேம் மாஸ்டர் நான். சரி என்று சொல்லிவிட்டேன், யோசிக்காமல்.

நாங்கள் வைத்திருந்தது 2017-இல் ஸ்வீடனின் ஃப்ரீ லீக் வெளியிட்ட 'டேல்ஸ் ஃப்ரம் தி லூப்' விளையாட்டு, சுருக்கமாக லூப். ஸ்வீடன் தீவுகளை எடுத்துவிட்டு ஏற்காட்டை வைத்திருந்தோம், அவ்வளவுதான். அதில் கேரக்டரின் வயது 10 முதல் 15 வரை. வயது எத்தனையோ அத்தனை புள்ளிகளை நான்கு குணங்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அதிர்ஷ்டப் புள்ளி 15-இலிருந்து வயதைக் கழித்தது. சின்னப் பிள்ளைக்குத் திறமை குறைவு, அதிர்ஷ்டம் அதிகம், அழகான கணக்கு. அறுபது வயதுக் கணக்குப்பிள்ளைக்கு இதைப் போட்டுப் பார்த்தேன். 60 புள்ளி, அதிர்ஷ்டம் மைனஸ் 45. ஒரு குணத்துக்கு உச்சமே 5 என்பதால் நாற்பது புள்ளியை வைக்க இடமில்லை. சித்தப்பா வயிறு குலுங்கச் சிரித்தார்.

இந்தக் கணக்குத் தொல்லை இல்லாத விளையாட்டும் இருக்கிறது. 2018-இல் வந்த 'கிட்ஸ் ஆன் பைக்ஸ்' பெரியவர்களையும் முறையாகச் சேர்த்துக்கொள்கிறது. சிறுவர், டீன் ஏஜ், பெரியவர் என மூன்று வயதுப் பிரிவு. பெரியவருக்குப் புத்தியிலும் மன உறுதியிலும் ஒரு புள்ளி கூடுதல், சிறுவருக்கு ஓடித் தப்புவதிலும் மனம் கவர்வதிலும். ஒரு வாரம் அதற்கு மாறினோம். எண்கள் கச்சிதமாகப் பொருந்தின, கதைதான் படுத்துவிட்டது. ராத்திரி எட்டு மணி, ஏற்காடு ஒண்டிக்கடையில் பிள்ளைகள் நிற்கிறார்கள். வீட்டில் என்ன பொய் சொல்வது, இருட்டில் கோயில் வரைக்கும் எப்படி நடப்பது, டார்ச்சுக்கு பேட்டரி யாரிடம் வாங்குவது என்று அரை மணி நேரம் ஓட வேண்டிய காட்சி. கணக்குப்பிள்ளை சொன்னார்: "எஸ்டேட் ஜீப் இருக்கே, ஏறுங்க." அடுத்த காட்சியில் அவரே போலீஸ் ஸ்டேஷனுக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தார், ஏட்டு எழுந்து நின்று டீ சொன்னார். பிள்ளைகளுக்கு வேலையே இல்லை. கிழவரின் பலம் புள்ளிகளை எழுதிவைக்கும் கேரக்டர் ஷீட்டில் இருக்கும் என்று நினைத்தது என் தப்பு. அது ஜீப்பிலும் அந்த நாற்காலியிலும் இருந்தது.

சரி, வயதைக் குறைத்துப் பதினெட்டு வயது அண்ணன் ஆக்கினால்? லூப்பின் தொடர்ச்சியான 'திங்ஸ் ஃப்ரம் தி ஃப்ளட்' (2019) 14 முதல் 19 வயதுக்காரர்களுக்கானது. லூப்பில் பிள்ளைகள் சாகவே மாட்டார்கள், இதில் சாகலாம். இரண்டையும் ஒரே மேசையில் கலந்தால், ஐந்து பேரில் அண்ணன் உயிர் மட்டும் பணயம். கேட்கவே நன்றாக இருக்கிறது, ஒருநாள் ஆடிப் பார்க்க வேண்டும். ஆனால் சித்தப்பா கேட்டது கிழவரை.

லூப் விதியிலேயே பெரியவருக்கு ஒரு மூலை உண்டு. பயந்தோ அடிபட்டோ நொந்து வரும் பிள்ளை, தனக்கென்று இருக்கும் ஒரு ஆதரவான ஆளிடம் போய்க் கொஞ்ச நேரம் இருந்தால் தேறிவிடும். அப்பாவோ டீச்சரோ, யாராகவும் இருக்கலாம். கணக்குப்பிள்ளையை அப்படி வைத்தோம். அவர் வந்த காட்சிகள் அருமை, ஆனால் மூன்று மணி நேரத்தில் இரண்டே காட்சி. மீதி நேரம் தட்டுவடை செட் வாங்க ஆள் தேவைப்பட்டபோதெல்லாம் அவர்தான் படி இறங்கினார். எப்போதாவது எட்டிப் பார்க்கும் விருந்தாளிக்கு இது போதும்.

இன்னொரு வழி, கதையையே கிழவரின் நினைவாக வைப்பது. இன்றைக்கு அவர் சொல்கிறார், அன்றைக்கு நடந்ததை எல்லாரும் ஆடுகிறோம். நால்வரில் ஒரு பையன் அவரேதான். அவர் பிழைத்துவிடுவார் என்பது முதலிலேயே தெரிந்துவிடுமே என்று கேட்கலாம். பிள்ளைகள் சாகாத விளையாட்டில் அதனால் என்ன நஷ்டம்? ஒரே மாலையில் முடிகிற கதை என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் எடுப்பேன். மாதக்கணக்கில் இழுத்தால் "அப்போ எனக்குத் தெரியாது" என்ற வசனம் சலித்துவிடும்.

கடைசியில் நிலைத்தது ஒரு ஒட்டுப்போட்ட ஏற்பாடு. லூப் விதிகள், கிழவர் முழுக் கேரக்டர், பதினைந்து வயதுக்கு உரிய 15 புள்ளி, அதிர்ஷ்டம் சைபர். ஜீப்பைப் பிடுங்கிவிட்டேன். 1938-இல், துரைமார் காலத்தில், பன்னிரண்டு வயதில் கூட்டாளியோடு அதே குகைக்குள் போய்த் தனியாகத் திரும்பியவர் அவர். அன்றிலிருந்து ஊர் அவரை நம்புவதில்லை. ஏட்டு இப்போது நாற்காலி போட மாட்டார். முழங்கால் மடங்காது, குகை வாயோ தாழ்வு. உள்ளே போக அவருக்குப் பிள்ளைகள் வேண்டும்.

கூடவே 2016-இல் வந்த 'மாஸ்க்ஸ்' விளையாட்டிலிருந்து ஒன்றைத் திருடினேன். அது இளம் சூப்பர் ஹீரோக்கள் கதை. அதில் பெரியவர்கள் யாராக இருந்தாலும் பிள்ளைகள் மேல் அவர்கள் சொல் பலிக்கும். "நீ இப்படிப்பட்டவன்" என்று ஒரு பெரியவர் சொன்னால் ஒரு குணம் ஏறி இன்னொன்று இறங்கும். ஏற்க மாட்டேன் என்றால் பகடை உருட்டி மறுக்க வேண்டும். போன மாதம் கணக்குப்பிள்ளை ஒரு பையனைப் பார்த்து, "நீ உங்கப்பன் மாதிரிடா, ஆள விட்டுட்டு ஓட மாட்ட" என்றார். நல்ல வார்த்தைதான். ஆனால் அந்தப் பையனின் அப்பா குடித்துவிட்டு வீட்டைப் போட்டு அடிப்பவர். ஆடிய பெண் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "ஏத்துக்க மாட்டேன்" என்று பகடையை எடுத்தாள். தோற்றாள். பையனின் தைரியம் ஒன்று ஏறியது, மனசு ஒன்று இறங்கியது. சித்தப்பா மெதுவாக, "நான் வேற அர்த்தத்துல சொன்னேம்மா" என்றார்.

அடுத்த ஞாயிறு பையன்கள் குகைக்குள் இறங்க வேண்டும். சித்தப்பாவுக்கு அன்றைக்கு நாமக்கல்லில் ஒரு கல்யாணம். கணக்குப்பிள்ளையை யார் ஓட்டுவது என்று கேட்டேன். யாரும் வேண்டாம், வெளியே கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கட்டும் என்கிறார்.